எங்கள் உரக்கடைக்கு வராத பெண்

ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கார்த்திகை மாதம். சீர்காழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் உள்ள ஓர் உரக்கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். மூட்டை இறக்குவது, பூச்சிமருந்து டப்பாக்களை அடுக்குவது, முதலாளி கைகாட்டும் மருந்தை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டப்பாவில் எழுதியிருக்கும் இங்கிலீஷ் எனக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு டப்பாவிலும் அடியில் ஒரு முக்கோணம் போட்டிருக்கும். சிவப்பு என்றால் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. பிறகு நீலம், பச்சை. அந்த நிறத்தையும் டப்பாவின் உருவத்தையும் வைத்தே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். பேச்சும் எனக்குக் கம்மி. யாராவது விலை கேட்டால்கூட முதலாளி பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

அந்தக் கார்த்திகையில் என் மகள் ஐந்து மாதக் கர்ப்பமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை நன்றாக ஓய்வு எடுக்கட்டும் என்று மாப்பிள்ளையே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். முன்பு ஏன் தங்கவில்லை என்று டாக்டரம்மா எதுவும் சொல்லவில்லை. சிலருக்கு அப்படி ஆகும், பயப்படாதே என்றுதான் சொன்னார். காரணம் தெரியாத இடத்தில் மனசு சும்மா இருக்காது போலிருக்கிறது. என் மகள் செல்போனில் எதையெதையோ பார்த்துவிட்டு, காய்களில் அடிக்கிற மருந்தால்தான் தனக்கு இப்படி ஆகிறது என்று முடிவு கட்டிக்கொண்டாள். "நான் பொறந்ததுலேர்ந்து அந்த வாடையிலதானம்மா வளந்தேன்" என்று அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் குத்திக் காட்டச் சொல்லவில்லை. இருந்தாலும் அன்றிலிருந்து நான் கடைவிட்டு வந்ததும் வாசல் குழாயடியிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

காயைத் தொட மாட்டாள். கீரையைத் தொட மாட்டாள். ரசமும் சோறும் ஊறுகாயும்தான். சோறும் பாதியில் நின்றுவிடும். சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்த நர்ஸம்மா, "புள்ளைக்கு எங்கேர்ந்து ரத்தம் வரும்? சாப்பிட்டாத்தானே வரும்?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஆரம்பித்தாள்.

"கீரை வேணாம், காய் வேணாம். காத்தைக் குடிச்சிக்கிட்டுப் புள்ள பெத்துக்கப் போறா உங்க மவ."

"மருந்தடிக்காத காயா வாங்கிட்டு வாங்கப்பா, எவ்வளவு வேணாலும் சாப்பிடுறேன்" என்றாள் மகள். "யாரு அடிக்கிறா, யாரு அடிக்கலன்னு உங்களுக்குத்தானே தெரியும்? நீங்க சொன்னா நான் நம்புறேன்."

அந்த ஒரு வார்த்தை என் தலையில் மூட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டது.

மயிலாடுதுறையில் இயற்கைக் காய்கறிக்கென்றே ஒரு கடை இருப்பதாகச் சொன்னார்கள். வார விடுமுறையில் பஸ் ஏறிப் போனேன். கண்ணாடிக் கதவு. உள்ளே சாக்கு விரித்து, மூங்கில் கூடைகளில் காயை அழகாக வைத்திருந்தார்கள். என் செருப்பை எங்கே விடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. விலைச்சீட்டைப் பார்த்தேன். வாரம் முழுவதும் எங்கள் வீட்டுக் காய்க்கு ஆகிற பணத்துக்கு அங்கே இரண்டு வேளைக்குத்தான் வரும். பில் போடுகிற பெண், "வேற என்ன சார் வேணும்?" என்று கேட்டது. என்னை சார் என்று கூப்பிட்டதில் எதையும் திருப்பி வைக்க வெட்கமாகிவிட்டது. ஒரு கட்டுக் கீரையும் கொஞ்சம் வெண்டைக்காயும் ஒரு சின்ன அரிசிப் பையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதிலிருந்து வீட்டில் இரண்டு உலை. மகளுக்கு அந்த அரிசி, எங்களுக்கு ரேஷன் அரிசி. ஞாயிற்றுக்கிழமை மீனை நிறுத்தினோம். பாலை நிறுத்தி வரக்காப்பி குடித்தோம். என் மனைவி கீரைத்தண்டைக்கூட எறியாமல் எங்களுக்குக் குழம்பில் போட்டாள். மகள் இலையைத் தின்பாள், நாங்கள் தண்டைத் தின்போம். அப்படியும் மாதக் கடைசி வரை இழுக்க முடியவில்லை. மூன்றாவது தடவை அந்தக் கண்ணாடிக் கதவு வரை போய், பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அப்புறம் எங்கள் ஊர் வாரச்சந்தைக்குப் போனேன். அங்கே ஒருவர், 'மருந்தில்லாத நாட்டுக்காய்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த வாரம் திங்கட்கிழமைதான் எங்கள் கடையில் கத்திரிக்காய்ப் புழுவுக்கு மஞ்சள் முக்கோணம் ஒரு டப்பா வாங்கிப் போனவர். எடுத்துக் கொடுத்தவனே நான்தான். என்னைப் பார்த்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? பொழப்புண்ணே."

"போர்டு போட்டிருக்கீங்களே?"

"இன்னிக்கு அடிக்கலண்ணே. பொய்யா எழுதியிருக்கேன்?"

பக்கத்தில் வெங்காயம் விற்கிற அம்மா கொல்லென்று சிரித்தார். "கடைக்காரரே காய் தேடி வந்துட்டாரு. இனிமே நாம எல்லாம் எங்க போறதாம்?"

நான் வெறுங்கையோடு வந்தேன். அந்தச் சந்தையில் காய் விற்ற எல்லார் முகத்தையும் எனக்குத் தெரியும். யார் எந்த வாரம் எந்த டப்பா வாங்கினார் என்பது மனசில் அப்படியே கிடந்தது. வேறு யாராவதாக இருந்தால் அட்டையை நம்பி வாங்கிக்கொண்டு போய், நிம்மதியாகச் சமைத்துப் போட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்த யோசனை வந்தது. வாங்குகிறவர்களை எல்லாம் எனக்குத் தெரியும் என்றால், வாங்காதவர்கள் யார் என்பதும் எனக்குத்தானே தெரியும்? எங்கள் பக்கத்தில் விவசாயம் செய்துகொண்டு எங்கள் கடைக்கு வராதவர்கள் யார்? வேறு கடைக்குப் போகிறவர்களைக் கழித்தேன். பெரிய நிலக்காரர்களைக் கழித்தேன். கடைசியில் ஒரே ஒரு முகம் மிஞ்சியது. கொள்ளிடக்கரைச் சாலையை ஒட்டிய சிற்றூரில் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிற ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். முன்பெல்லாம் மாமனாரோடு வந்து யூரியா வாங்கிப் போவார். இரண்டு வருடமாக ஆளையே காணோம். ஆனால் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன், அவர் வயல் பயிரோடுதான் இருக்கும்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வயலை ஒட்டி ஒரு சின்ன மேட்டுத் திடல். அதில் கத்திரி, வெண்டை, அவரை, ஓரத்தில் தண்டுக்கீரை. அவர் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே பேசினார்.

"என்னண்ணே, முதலாளி அனுப்பினாரா? எனக்கு மருந்து கடனாத் தர முடியாதுன்னு அவர் அப்பவே சொல்லிட்டாரே."

"அதுக்கு வரல தங்கச்சி. கொஞ்சம் காய் வேணும்."

"காயா? இந்தக் காயா?" என்று அவர் ஒரு கத்திரிக்காயைத் திருப்பிக் காட்டினார். பக்கத்துக்கு ஓர் ஓட்டை. "சந்தையில கொண்டு போய் வச்சா ஒருத்தரும் கையால தொட மாட்டேங்கிறாங்க. மாட்டுக்குப் போடுறேன். நீங்க வேற."

விஷயத்தைச் சொன்னேன். மகளைப் பற்றியும் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை. அவர் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அப்புறம் தன் கதையைச் சொன்னார். குத்தகை மாமனார் பேரில் இருந்தது. அவர் இறந்த பிறகு, கணவரின் பங்காளி ஒருவர் அந்தக் குத்தகை தனக்குத்தான் என்று கேஸ் போட்டிருந்தார். கேஸ் முடியாமல் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதித் தர மாட்டார். இன்னார் இந்த நிலத்தில் இந்தப் பயிர் செய்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. அது இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடையாது. அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் நெல் எடுக்க மாட்டார்கள். கடையிலும் கடன் கொடுக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துகொண்டு அனுப்புகிற பணம் வக்கீலுக்கே சரியாகப் போய்விடுகிறது.

"இயற்கை வெவசாயம்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. கையில காசு இல்ல, அதனால சாணியும் எருவும்தான். ஆனா ஒரு போகம்கூடத் தரிசாப் போட்டுடக் கூடாது. கோயிலுக்கு அளக்க வேண்டிய நெல்லை அளந்துடணும். அதுல தவறுனா நெலம் அந்தப் பங்காளி கைக்குப் போயிடும்."

காய்க்கு விலை கேட்டேன். "பாதி சொத்தை. பாதி விலை குடுங்க" என்று சிரித்தார். நான் சந்தை விலையையே கொடுத்தேன். முதலில் வாங்க மாட்டேன் என்றவர், பிறகு வாங்கிக்கொண்டு, மேலே இரண்டு பிடி கீரையைப் பிடுங்கி வைத்தார். "உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்க. நான் மருந்தே அடிக்க மாட்டேன். தைரியமாச் சாப்பிடச் சொல்லுங்க."

அன்றைக்கு என் வீட்டில் நடந்ததை எப்படிச் சொல்வது! மகள் பையைக் கொட்டி, கத்திரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். ஓட்டை இருந்தால் அவளுக்குச் சந்தோஷம். "புழு தின்னு உசுரோட இருக்குன்னா நாமளும் திங்கலாம்மா."

"அப்ப புழுவும் நீயும் பங்கு பிரிச்சுக்குங்க. நான் இதை நறுக்குறதுக்குள்ள பொழுது போயிடும்" என்றாள் என் மனைவி. முணுமுணுத்துக்கொண்டே சொத்தையைச் செதுக்கி எடுத்து எண்ணெயில் வதக்கினாள். மகள் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் வாசலில் உட்கார்ந்து அந்தத் தட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு வாரம் இரண்டு தடவை போய் வந்தேன். கிடைத்த காய், கீரை, அவர் வீட்டில் மிச்சமிருந்த பழைய அரிசி கொஞ்சம். மார்கழி பாதிக்குள் மகளின் முகத்தில் சதை பிடித்திருந்தது. நர்ஸம்மாவும் இந்தத் தடவை சத்தம் போடவில்லை. எனக்குத்தான் உடம்பு தளர்ந்துபோனது. பகல் முழுவதும் மூட்டை தூக்கிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பது சாதாரணமாக இல்லை. இருந்தாலும் அவள் சாப்பிடுகிறாள் என்கிற ஒன்றை நினைத்து மிதித்தேன்.

மார்கழி மூன்றாம் வாரத்தில் மேகமூட்டமும் பனியுமாக இருந்தது. எங்கள் பக்கத்து நெல்லில் புகையான் விழுந்தது. எள் அளவு சின்னப் பூச்சி, தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். நான்கைந்து நாளில் வயல் வட்டம் வட்டமாக, நெருப்பு வைத்தது போலத் தீய்ந்துவிடும். கடையில் கூட்டம் தாங்கவில்லை. அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பிரித்து என் கை தோலுரிந்தது. ஊரே அடித்தது. அடிக்காத வயல் ஒன்றுதான் இருந்தது. மற்ற வயலிலிருந்து கிளம்பிய பூச்சி எல்லாம் எங்கே போய் உட்காரும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து, கடைக்கு எதிரே உள்ள வேப்பமரத்தடியில் அந்தத் தங்கச்சி நிற்பதைப் பார்த்தேன். உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்து நின்றார். நான் முதலாளியிடம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். அவர் கையில் வேரோடு பிடுங்கிய ஒரு நெல் தூர் இருந்தது. அடியில் பூச்சி அப்பிக்கிடந்தது.

"நெல்லு பால் புடிக்கிற நேரம்ணே. ரெண்டு இடத்துல வட்டம் போட்டுடுச்சு. வேப்பெண்ணெய் அடிச்சுப் பாத்தேன், கேக்கல."

நான் குனிந்து அந்தத் தூரைப் பார்த்தேன்.

"மருந்து வாங்கிடலாம், காதுல கிடக்கிறதை வச்சு. அது இல்ல விஷயம்" என்றார். "அன்னிக்கு அடிக்க மாட்டேன்னு உங்ககிட்ட வாய் குடுத்துட்டேன். உங்க பொண்ணு அதை நம்பித்தானே சாப்பிடுது. அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். அடிக்கட்டுமாண்ணே?"

எத்தனை வருடமாக அந்தக் கடையில் நிற்கிறேன். எவ்வளவு வீரியம், எத்தனை டேங்குக்கு ஒரு டப்பா, எது சீக்கிரம் கேட்கும் என்று கேட்டவர்கள் ஆயிரம் பேர். இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. 'வேண்டாம்' என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் அடித்திருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என் மகள் சாப்பிடுவது எனக்குக் கண் முன்னால் நின்றது. இந்த நெல் போனால் கோயிலுக்கு அளக்க முடியாது. நிலம் போய்விடும். அதுவும் கண் முன்னால்தான் நின்றது, அவர் கையில் அந்தத் தூராக.

உள்ளே போய், புகையானுக்கு உள்ளதிலேயே பச்சை முக்கோணம் போட்டது எது என்று தேடி எடுத்தேன். என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "உனக்கேதுடா நிலம்?" என்றார். "சொந்தக்காரங்களுக்கு" என்றேன்.

தெளிப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த வாரம் தெளிப்பு ஆட்களுக்கு அவ்வளவு கிராக்கி. விடுமுறை நாளில் நானே போனேன். மருந்தை எடுத்துக் கொடுத்தே பழகியவன், அன்றுதான் முதன்முதலாக டேங்கை முதுகில் மாட்டினேன். அந்தத் தங்கச்சி முந்தின நாளே வயலில் தண்ணீரை வடித்திருந்தார். நான் போனபோது திடலில் நின்று பழைய புடவைகளையும் சாக்குகளையும் நனைத்து நனைத்து, கத்திரிச் செடி மேலும் கீரைப் பாத்தி மேலும் மூடிக்கொண்டிருந்தார். கல்யாணப் புடவை மாதிரி ஜரிகை போட்டதுகூட ஒன்று கிடந்தது.

"என்ன தங்கச்சி இது?"

"காத்துல பறந்து வந்து பட்டுடும்ல? நம்ம பாப்பா காய்க்குப் பட்டுடக் கூடாது."

மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு இறங்கினேன். தூரில் படும்படி பயிரை விலக்கி விலக்கி அடிக்க வேண்டும். சேற்றில் கால் புதைந்தது. டேங்க் தோளை அறுத்தது. ஒவ்வொரு வரப்புக்கும் வந்து நின்று மூச்சு வாங்கினேன். மேலண்டை ஓரம், மேற்குப் பக்கம் திடலை ஒட்டி நாலைந்து வரிசை இருந்தது. அங்கே திரும்பும்போது அவர் கையை நீட்டி மறித்தார்.

"அதை விட்டுடுங்கண்ணே. அது பாப்பாவுக்கு."

"அங்கயும் பூச்சி இருக்கே. மிச்சம் வைக்கக் கூடாது தங்கச்சி."

"பூச்சி தின்னது போக என்ன மிஞ்சுதோ மிஞ்சட்டும். வாங்க, வந்து கை கழுவுங்க."

சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தலை சுற்றியது. மர நிழலில் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தேன். வழி நெடுக ஒரே யோசனை. சொல்லாமலே இருந்துவிடலாமா? காயில்தான் படவில்லையே. சொன்னால் மறுபடியும் பழைய ரசமும் ஊறுகாயும்தான். சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியவே போவதில்லை.

குழாயடியில் குளித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மகள் அப்போதுதான் சாப்பிடத் தட்டை எடுத்து வைத்திருந்தாள். முந்தின வாரம் கொண்டு வந்த அவரைக்காய்ப் பொரியல் தட்டில் இருந்தது. எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"அந்த வயலுக்கு இன்னிக்கு மருந்து அடிச்சாச்சும்மா. நெல்லுக்குத்தான். காயை மூடி வச்சிட்டாங்க. இருந்தாலும் சொல்லணும்ல" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருப்பா அடிச்சா?" என்று மகள் கேட்டாள்.

"நான்தான்."

"மூக்குல துணி கட்டிக்கிட்டீங்களா?"

அவள் அழுவாள், தட்டைத் தள்ளுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். தலையை ஆட்டினேன்.

"இருவத்தஞ்சு வருசமா அதுலயேதான் உங்கப்பா கிடக்கிறாரு. இன்னிக்குத்தான் உனக்குக் கேக்கணும்னு தோணுச்சா?" என்றாள் என் மனைவி. குரல் தழுதழுத்தது. அவளே பிறகு சமாளித்துக்கொண்டு, "புள்ளத்தாச்சி தட்டை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா, சாம்பாரை ஊத்துறேன் இரு" என்று திரும்பிக்கொண்டாள்.

மகள் பொரியலைப் பிசைந்து சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, அந்த அக்காவுக்கு எத்தனை பிள்ளை, வயல் எவ்வளவு தூரம், புகையான் என்றால் எப்படி இருக்கும் என்றெல்லாம் கேட்டாள். மேலண்டை ஓரத்தை விட்டு வைத்ததைச் சொன்னேன். தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். அப்புறம், "அந்த நெல்லு வர்ற வரைக்கும் சந்தைக் காயையே வாங்குங்கப்பா. உப்புத் தண்ணியில போட்டு அலசிக்கலாம். இந்த வெயில்ல நீங்க அவ்வளவு தூரம் மிதிக்க வேணாம்" என்றாள். மார்கழி மாதத்தில் ஏது வெயில்! ஆனால் மறுநாளிலிருந்து சந்தைக் காயையும் சாப்பிட்டாள். பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு காயையும் நாலு தண்ணீரில் அலசுவாள். ஆனால் சாப்பிட்டாள்.

தை கடைசியில் அறுவடை ஆனது. தீய்ந்த வட்டங்கள் போக மற்ற நெல் தப்பித்தது. கோயிலுக்கு அளந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பிறகு ஒருநாள் காலையில் அந்தத் தங்கச்சி பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இடுப்பில் ஒரு சின்ன அரிசி மூட்டை. மேலண்டை ஓரத்து நெல்லைத் தனியாக அரிவாளால் அறுத்து, தனியாக அடித்து, மில்லில் மற்ற நெல்லோடு கலந்துவிடாமல் கூடவே நின்று அரைத்துக் கொண்டு வந்திருந்தார். பாதிக்கு மேல் பதராகப் போய், மிஞ்சியது அவ்வளவுதான்.

"நொய்யா இருக்கு, கஞ்சிக்கு நல்லா இருக்கும்" என்றார். மகளின் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார். மருந்துக்கான பணத்தை முடிச்சிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். "அப்ப இந்தப் பக்கம் வர மாட்டேன்" என்றார். வாங்கிக்கொண்டேன். என் மகள் அவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், தான் வீட்டிலிருந்தபடியே தைத்து வைத்திருந்த ஒரு குழந்தைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "எனக்கு எதுக்கும்மா இது? என் புள்ளைங்க காலேஜ் போவுதுங்க" என்று சிரித்தவர், பிறகு அதை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

சித்திரையில் பேத்தி பிறந்தாள். எடை கொஞ்சம் கம்மி, மற்றபடி நல்லபடி. இந்தத் தடவை எதனால் தங்கியது என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காயால்தான் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? அந்தப் பெண்ணின் கேஸ் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இப்போது நடுநடுவே எங்கள் கடைக்கும் வருகிறார். கையில் காசு இருந்தால் டப்பா, இல்லாவிட்டால் சாணி. மகளும் பேத்தியும் ஊருக்குப் போய்விட்டார்கள். நானும் என் மனைவியும் சந்தைக் காயைத்தான் சாப்பிடுகிறோம்.

என் வேலையும் மாறவில்லை. இந்த வயதில் வேறு எங்கே போவது? முதுகு வலிக்க வலிக்க அதே பெட்டிகளைத்தான் இறக்குகிறேன். ஆனால், சாப்பிடப் போகிறவரைத் தேடி வந்து "அடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அடித்த ஒருவரை என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு டப்பாவையும் எடுத்துக் கொடுக்கும்போது, அதை வாங்குகிறவருக்குப் பின்னால் முகம் தெரியாத யாரோ தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றுவது அன்றிலிருந்துதான்.